தெருப்பூனைக்கு வைத்தியம்: பிடிக்கும் முன் இடம் பாருங்கள்

வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் கழுத்துப்பட்டையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிடலாம். தெருப்பூனையிடம் அது நடக்காது. பூனை வேட்டையாடும் பிராணிதான். ஆனால் தன்னைவிடப் பெரியவற்றுக்கு இரையாகும் பிராணியும்கூட. பலவீனத்தை வெளியே காட்டினால் உயிர் போகும் என்பது அதன் பிறவி அறிவு. அதனால் நோயை முடிந்தவரை மறைக்கும். நேற்றுவரை பத்தடி தள்ளியே நின்ற பூனை இன்று நீங்கள் பக்கத்தில் போயும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தால், பழகிவிட்டது என்று மகிழ வேண்டாம். ஓடத் தெம்பில்லை என்று அர்த்தம். அன்றைக்கே பார்க்க வேண்டிய பூனை அது.

வைத்தியம் என்றதும் ஊசியும் மருந்தும்தான் நம் நினைவுக்கு வரும். தெருப்பூனை விஷயத்தில் மருத்துவர் தொட்டுப் பார்க்கும் பத்து நிமிடம் நடுவில் வரும் சின்னப் பகுதி. அதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு வாரமோ பத்து நாளோ அடைத்து வைத்து மருந்து கொடுக்க வேண்டும். ஒரு ஊசி போட்டு, ஒரு சீட்டு வாங்கி, மாலையில் அதே தெருவில் இறக்கிவிட்டால் மறுவேளை மருந்துக்குப் பூனை வராது. கசப்பு மருந்து ஊற்றிய கையை அது மறக்காது. ஆகவே முதல் வேலை பூனையைப் பிடிப்பதல்ல, அதை எங்கே வைக்கப் போகிறோம் என்று முடிவு செய்வது.

இடம்

பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். அதிகம் புழங்காத குளியலறை, மாடிப்படிக்கு அடியில் ஒரு கூண்டு, கதவு மூடும் சாமான் அறை, ஏதாவது ஒன்று போதும். மொட்டைமாடித் தகரக் கொட்டகை மட்டும் கூடாது. பங்குனி சித்திரையில் அது அடுப்பு. கூண்டு என்றால் பூனை நீட்டிப் படுக்கவும், ஓர் ஓரத்தில் மணல் தட்டு வைக்கவும் இடம் இருக்க வேண்டும். உள்ளே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, நுழைய ஒரு வாசல் வெட்டி வையுங்கள். ஒளிய இடம் கிடைத்த பூனை சாப்பிடும். கிடைக்காத பூனை கம்பியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். மேலே ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டால் பாதி அமைதி வந்துவிடும்.

அறையைக் கழுவ ஃபினாயில், டெட்டால் வேண்டாம். இவற்றிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் முறித்து வெளியேற்ற முடிவதில்லை. தரையில் நடந்து, பாதத்தை நக்கியே விஷம் ஏறும். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். தொற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால் கடையில் கிடைக்கும் பிளீச் திரவம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவிட்டு, பிறகு பூனையை விடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டும் ஒரே அறைக்காற்றைக்கூடப் பகிரக் கூடாது. தட்டு வேறு, மணல் வேறு, நீங்கள் உள்ளே போகும்போது போடும் சட்டையும் வேறு. வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி போடவில்லை என்றால் தெருப்பூனையை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பக்கத்து வீட்டில் இடம் கேளுங்கள்.

பார்த்துப் புரிந்துகொள்வது

தெருப்பூனைக்கு நாலு வீட்டில் சாப்பாடு, நாலு பெயர். நீங்கள் பார்ப்பது அதன் வாழ்க்கையில் கால்வாசி. பிடிப்பதற்கு முன் தெருவில் விசாரியுங்கள். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, வாந்தி உண்டா, எங்கே படுக்கிறது, மற்றப் பூனைகள் எப்படி இருக்கின்றன என்பதெல்லாம் மீன்காரம்மாவுக்கும் காவலாளிக்கும்தான் தெரியும். வாந்தியையும் கழிச்சலையும் கைபேசியில் படம் பிடியுங்கள். மூச்சு வாங்குவதையும் நடையையும் காணொளியாக எடுங்கள். மேசைமேல் வைத்ததும் பயத்தில் உறைந்துபோகும் பூனையைவிட அந்த அரை நிமிடக் காணொளி மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

காத்திருக்கவே கூடாத நிலைகள் சில உண்டு. வாயைத் திறந்து மூச்சு விடும் பூனை. நாய் இளைப்பது சாதாரணம், பூனை இளைப்பது ஆபத்து. படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 40 முறைக்கு மேல் மூச்சு ஓடினாலும் அதேதான். ஈறு வெளுத்திருந்தாலும், மஞ்சளாக இருந்தாலும், உடம்பு சில்லிட்டுக் கிடந்தாலும் உடனே போக வேண்டும்.

கடுவன் பூனை அடிக்கடி சிறுநீர் கழிக்க உட்கார்ந்து, முக்கி, கத்தி, ஒரு சொட்டும் வராமல் எழுந்தால், பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் சிறுநீர்ப்பாதை அடைப்பு. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். இதற்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்தால்தான் பிழைக்கும்.

இனி, "யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்" என்று தெருவே பேசிக்கொள்ளும் ஒன்று. ஒரு குட்டி திடீரென்று வாந்தி எடுத்து, கழிந்து, இரண்டு நாளில் செத்துப்போகும். அடுத்த வாரம் அதன் உடன்பிறப்பு. பக்கத்து வீட்டுக்காரர்மேல் சந்தேகம் கிளம்பும். பலமுறை குற்றவாளி அவரில்லை, பான்லூக்கோபீனியா என்ற வைரஸ். நாய்களைத் தாக்கும் பார்வோவின் உறவுக்கார வைரஸ் இது. இரத்தத்தின் வெள்ளணுக்களை அழித்து, குடலின் உள்தோலை உரித்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டபடி, குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் குட்டியைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வைரஸைக் கொல்லும் மருந்து என்று நம்பி எழுதித்தர ஒன்றுமில்லை. சலைன், வாந்தியை நிறுத்தும் ஊசி, ஆன்டிபயாடிக், கதகதப்பு ஆகியவற்றைக் கொண்டு அதன் உடம்பு மீளும்வரை தாங்கிப்பிடிப்பதே சிகிச்சை. மனிதருக்கு ஒட்டாது. ஆனால் மண்ணிலும் தரையிலும் ஒரு வருடம்வரை உயிரோடு கிடக்கும். இந்தக் குட்டி இருந்த அறைக்குத் தடுப்பூசி போடாத அடுத்த குட்டியைக் கொண்டுவருவது அதைக் கொல்வதற்குச் சமம்.

கண்ணில் பீளை, மூக்கில் சளி, தும்மல், வாயில் புண், எச்சில் ஒழுக்கு என்றால் பூனைக்காய்ச்சல். ஹெர்பிஸ், காலிசி என்ற இரண்டு வைரஸ்களே பெரும்பாலும் காரணம். இதில் பூனை சாவது அநேகமாகப் பட்டினியால்தான். மூக்கடைத்தால் வாசனை தெரியாது. வாசனை தெரியாத உணவைப் பூனை தொடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் கண்ணையும் மூக்கையும் துடைத்து, மீனை வெதுவெதுப்பாகச் சூடாக்கி, மணம் எழும்பும்படி மூக்கருகே காட்டுங்கள். இரண்டு மூன்று நாள் ஒன்றுமே சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கும், அதுவும் கொழுத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம். "பசித்தால் தானே சாப்பிடும்" என்ற பேச்சு இங்கே செல்லாது.

காதோரத்திலும் நெற்றியிலும் சாம்பல்நிறச் செதில் கட்டிக்கொண்டு, முகமே தடித்துக் காணும் பூனையைப் பார்த்து யாரும் கிட்டே போகமாட்டார்கள். பார்க்கத்தான் பயங்கரம், அது சொறி. ஒரு சிறு சிலந்தியினப் பூச்சியால் வருவது. கழுத்துப் பிடரியில் சொட்டும் செலாமெக்டின் போன்ற மருந்தில் சில வாரங்களில் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பிடித்து அடைக்க முடியாத பூனைக்குக்கூட, சாப்பிடும் நேரத்தில் பின்னாலிருந்து சொட்டிவிடலாம். ஒன்றே ஒன்று: நாய்க்கு உண்ணிக்காகப் போடும் சொட்டு மருந்தை எடுத்துவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை வரவழைத்துக் கொல்லும்.

நீங்களே செய்யக் கூடாதவை

காய்ச்சல் அடிக்கிறது என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அரை மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். அதன் ஈரலுக்கு அந்த மருந்தைச் செரிக்கும் நொதி போதாது. இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் சக்தியை இழக்கும், ஈறு சாக்லேட் நிறத்துக்குப் போகும். ஏற்கெனவே யாராவது கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால் பலன் தரும். புரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் இதே பட்டியல்.

புண்ணில் புழு வைத்துவிட்டால் மாட்டுக்குச் செய்வதுபோலக் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து வைப்பதும், டர்பன்டைன் ஊற்றுவதும் நம் ஊர் வழக்கம். மாடு புண்ணை நக்கி விழுங்கிவிடாது. பூனை நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருக்கும். இரண்டுமே அதற்கு விஷம். மருத்துவமனைக்குப் போகும்வரை உப்பு கலந்து காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எலிமருந்து தின்றது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். மருந்தின் உறையைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடுங்கள். கேக் வடிவில் வரும் சில மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுத்து, இரண்டு மூன்று நாள் கழித்து இரத்தக்கசிவில் கொல்லும். அவற்றுக்கு வைட்டமின் கே1 நல்ல மாற்று. பசையாக வரும் மஞ்சள் பாஸ்பரஸுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது. எது என்று தெரிந்தால்தான் வைத்தியம்.

சில்லிட்டுப்போன குட்டிக்குப் பால் ஊற்றக் கூடாது. முதலில் சூடு. சுடுநீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடம்பு வெதுவெதுப்பான பிறகே உணவு. அதுவும் பசும்பால் வேண்டாம், கழிச்சல் பிடுங்கும். பூனைக்குட்டிக்கென விற்கும் பால்மாவு கிடைக்கும்.

பிடிப்பது

விடியற்காலையில், தெருவில் யாரும் சோறு வைக்கும் முன் பிடிக்க வேண்டும். முதல் நாளே மற்ற வீடுகளில் சொல்லிவையுங்கள். பசித்த பூனைதான் கருவாட்டுக்கு வரும்.

ஓரளவு பழகிய பூனை என்றால் ஒரு கெட்டித் துவாலை போதும். பின்பக்கமிருந்து முழு உடம்பையும் மூடி, கால் நான்கும் உள்ளே அடங்கும்படி சுருட்டி, அப்படியே கூடையில் இறக்க வேண்டும். பிடரியை மட்டும் பிடித்துத் தூக்கும் வித்தை தாய்ப்பூனைக்கும் குட்டிக்கும் இடையிலானது. வளர்ந்த பூனையிடம் செய்தால் பின்னங்கால் உங்கள் முழங்கையைப் பார்த்துக்கொள்ளும்.

பழகாத பூனைக்குப் பொறிக்கூண்டு வேண்டும். விலங்குநல அமைப்புகளிடம் இரவலாகக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காத ஊரில் கோழி அடைக்கும் பஞ்சாரம் இருக்கிறது. ஒரு குச்சியால் ஒருபக்கம் தூக்கி நிறுத்தி, குச்சியில் கயிறு கட்டி, உள்ளே கருவாடு வைத்து, தள்ளி உட்கார்ந்து இழுக்க வேண்டியதுதான். கவிழ்ந்த நொடியே மேலே போர்வை போட்டு ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். இருட்டானால் பூனை அடங்கும். அடியில் கெட்டி அட்டையைச் செருகி, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடலாம். தனி ஆளாகச் செய்கிற காரியமில்லை இது. பயணத்துக்குப் பூனைக்கூடை இல்லை என்றால், துணி போடும் பிளாஸ்டிக் கூடை இரண்டை வாயோடு வாய் சேர்த்து நாடாவால் இறுக்கிக் கட்டினால் அதுவே கூடை.

பெண்பூனை என்றால் பிடித்ததும் வயிற்றைப் பாருங்கள். காம்பு தடித்து, சுற்றி மயிர் ஒதுங்கியிருந்தால் எங்கேயோ குட்டிகள் காத்திருக்கின்றன. அவற்றைத் தேடாமல் தாயைப் பத்து நாள் அடைத்தால் ஒன்றைக் காப்பாற்றி நாலைக் கொன்றவராவீர்கள்.

கடி படாமல் இருக்க முயலுங்கள். பட்டால் அலட்சியம் வேண்டாம். பூனையும் வெறிநோயைப் பரப்பும். சோப்புப் போட்டு, ஓடும் குழாய்நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசம். ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். இதோடு இன்னொன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள்: பூனைப்பல் ஊசிபோல ஆழமாக இறங்கி, பாக்டீரியாவை உள்ளே விட்டுவிட்டு மேலே மூடிக்கொள்ளும். ஒரே நாளில் கை வீங்கிவிடும். வெறிநோய் ஊசி இதற்குப் பயன்படாது. ஆன்டிபயாடிக் தனியாக வேண்டும். காரணமின்றிப் பாய்ந்து கடிக்கிற, குரல் மாறிப்போன, பின்னங்கால் தள்ளாடுகிற பூனையைப் பிடிக்க முயலவே வேண்டாம்.

மருத்துவரிடம்

சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி இருக்கிறது. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் போதனா மருத்துவமனை. எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, அறுவைக்கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில், தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சொற்பச் செலவில். விலையாகக் கொடுக்க வேண்டியது நேரத்தை. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகளிலும் இதேபோல மருத்துவமனைகள் உண்டு. 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் விலங்குக் காப்பகம் சென்னையில் கிண்டி வேளச்சேரி சாலையில் இருக்கிறது. எந்தக் காப்பகமானாலும் நான் சொல்வது ஒன்றுதான்: அடிபட்ட பூனைக்கு அது நல்ல இடம். ஆனால் தடுப்பூசி போடாத குட்டியைப் பல பூனைகள் இருக்கும் இடத்தில் விட்டுவந்தால் ஒரு நோயோடு போனது இன்னொன்றையும் வாங்கிக்கொள்ளும். மருந்து வாங்கி வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமென்றால் அதுவே மேல்.

சிற்றூர்களில் அரசுக் கால்நடை மருந்தகம்தான். அங்குள்ள மருத்துவர் நாள் முழுக்க ஆடு மாடு பார்ப்பவர். பூனைக்கான மருந்து கையிருப்பில் இல்லாமல் போகலாம், சீட்டு எழுதித் தருவார். மருந்துக்கடையில் "இதுவும் அதே மருந்துதான்" என்று வேறு பெயரை நீட்டினால் வாங்காதீர்கள். வலிமருந்துகளில் பாராசிட்டமால் கலந்தவை நிறைய. 1962 என்ற எண் கால்நடை ஆம்புலன்ஸுக்கானது. முதன்மையாக ஆடு மாடுகளுக்காக வந்த சேவை என்பதால் வண்டி வரும் என்று நம்பி உட்காராமல், பக்கத்து மருந்தகத்தைக் கேட்டு அறிய அதைப் பயன்படுத்துங்கள்.

சீட்டில் "உரிமையாளர்" என்ற இடத்தில் உங்கள் பெயரைத் தயங்காமல் எழுதுங்கள். மருத்துவரிடம் மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும்: இது தெருப்பூனை, இத்தனை நாள்தான் வைத்திருக்க முடியும், இவ்வளவுதான் செலவழிக்க முடியும். இதைச் சொல்ல வெட்கம் வேண்டாம். வைத்தியமே இதை வைத்து மாறும். தினமும் மாத்திரை விழுங்கவைக்க முடியாது என்று தெரிந்தால், இரண்டு வாரம்வரை உடம்பில் நின்று வேலை செய்யும் ஊசிமருந்து கிடைக்குமா என்று பார்ப்பார். கரையும் தையல் போடுவார். மயக்கம் கொடுக்கிற எந்தச் சிகிச்சையாக இருந்தாலும், உடம்பு தாங்குமென்றால் கருத்தடையையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். இன்னொரு முறை பிடிபடுமா யார் கண்டது? கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதுநுனியைச் சிறிது வெட்டுவது வழக்கம்.

காத்திருக்கும் இடத்தில் கூடையைத் தரையில் வைக்காமல் மடியிலோ பெஞ்சிலோ வைத்துத் துணி போர்த்துங்கள். பக்கத்தில் நாய்கள் இருக்கும்.

அதன் பிறகு

மாத்திரையை உலர்வாக விழுங்கவைக்கக் கூடாது, குறிப்பாக டாக்சிசைக்ளின். உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகி, பின்னால் குழாயே சுருங்கிவிடும். கொடுத்தவுடன் சிரிஞ்சில் சிறிது தண்ணீர், கன்னத்தின் ஓரமாக. நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போகும். இரண்டாம் நாளே பூனை துள்ளுகிறது என்று ஆன்டிபயாடிக்கை நிறுத்தாதீர்கள்.

வயிறு வீங்கி, காய்ச்சல் இறங்காமல், மெலிந்துகொண்டே போகும் இளம்பூனைக்கு எஃப்ஐபி என்ற வைரஸ் நோய் என்று சில சமயம் தெரியவரும். சில ஆண்டுகளுக்கு முன்வரை அது மரணத் தீர்ப்பு. இப்போது ஜிஎஸ்-441524, ரெம்டெசிவிர் போன்ற மருந்துகளில் நிறையப் பூனைகள் பிழைக்கின்றன. ஆனால் வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் தினமும் மருந்து, செலவும் அதிகம். தெருப்பூனைக்கு இதை ஏற்பதா என்பது உங்கள் வசதியைப் பொறுத்தது. முடியாது என்பதும் நேர்மையான பதில்தான். பாதியில் விடுவதுதான் தவறு. அதேபோல, முதுகெலும்பு நொறுங்கி, மீள வழியில்லை என்று மருத்துவர் சொன்னால் கருணைக்கொலைக்குச் சம்மதிப்பதைப் பாவமாக நினைக்காதீர்கள். வலியோடு தெருவோரம் விட்டு வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

தானாகச் சாப்பிட்டு, மருந்து முடிந்து, மேசை உயரம் தாவ முடிகிறது என்றால் விட்டுவிடலாம். ஒரு கண் போன பூனையும் நன்றாகப் பிழைக்கும். பிடித்த இடத்திலேயே விட வேண்டும்; மீன் சந்தையில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பது நம் கற்பனை. அங்கே ஏற்கெனவே இருக்கும் கடுவன்கள் புதிதாக வந்ததை அடித்து விரட்டும்.

நோய் வந்த பிறகு இவற்றையெல்லாம் தேடி ஓட நேரம் இருக்காது. இன்றைக்கே மூன்று காரியம் செய்துவிடுங்கள்: ஒரு கூடையும் பழைய துவாலையும் எடுத்து ஓரமாக வையுங்கள்; அடைத்து வைக்க இடம் தரக்கூடிய இரண்டு வீடுகளைப் பேசிவையுங்கள்; உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் ஞாயிற்றுக்கிழமையிலும் இரவிலும் பார்ப்பாரா, இல்லையென்றால் யார் பார்ப்பார் என்று கேட்டு, அந்த எண்ணைக் கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.